தாய்மையின் துயரும் கரிசலின் பசுமையும்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் பங்குகளில் கல்லறைத் தோட்டங்கள் உயிர் பெறுகின்றன. புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, மெழுகுதிரி ஏற்றி, மாலை சாத்தி, மரித்த நம் உறவினர்க்காக மன்றாடுகிறோம். இறந்த விசுவாசிகளை நினைவுகூரும் நவம்பர் 2ஆம் நாளில், பெரியவர்களின் கல்லறைகளைச் சூழ்ந்து குடும்பம் குடும்பமாக மக்கள் நிற்பதைக் காணலாம். ஆனால் தோட்டத்தின் ஓர் ஓரத்தில், பெயர்கூடப் பொறிக்கப்படாத சின்னஞ்சிறு மண்மேடுகள் சில உண்டு. அவற்றின் அருகே பெரும்பாலும் ஒருத்திதான் நிற்பாள். அவள் தாய்.

அவளைப் பற்றி எழுதவே இக்கட்டுரையை எடுத்துக்கொண்டோம். மகவை இழந்தவள் மட்டுமல்லள். பேறுகாலத்திற்குப் பின் காரணம் தெரியாமல் கண்ணீர் வடிப்பவள், பிள்ளைகள் எல்லாம் படிப்பென்றும் வேலையென்றும் திருமணமென்றும் பிரிந்து சென்றபின் வெறிச்சோடிய வீட்டில் தனித்திருப்பவள், கணவனைப் புதைத்துவிட்டு மறுநாளே பிள்ளைகளுக்காக அடுப்பை மூட்டியவள் ஆகிய இவர்கள் எல்லோரும் நம் நினைவில் இருக்கிறார்கள். இவர்களுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் ஒன்றே: “எல்லாம் தேவ சித்தம், அழாதே.” இச்சொல்லில் விசுவாசம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பல வேளைகளில் அவள் வாயை அடைப்பதற்கே அதனைப் பயன்படுத்துகிறோம் என்பதை நம் மனச்சாட்சி அறியும்.

துயருற்ற தாய் எங்கே செல்வாள்? எதைக் கொண்டு மீண்டும் எழுந்து நிற்பாள்? இதனைக் கரிசல் மண்ணில் நின்று சற்றே சிந்திப்போம்.

இடைசெவலின் மழைக்காலம்

கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது இடைசெவல். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்னும் இரு பெரும் எழுத்தாளர்களை 1923ஆம் ஆண்டிலேயே, அதுவும் ஒரே மாதத்தில், பெற்றெடுத்த சிற்றூர் அது. தாம் மழைக்காகத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அப்போதும் பள்ளியைப் பாராமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும் கி. ரா. வேடிக்கையாகக் கூறியதுண்டு. வேடிக்கைதான், எனினும் கரிசல் மனிதனுக்கு மழையைப் பார்ப்பதே ஒரு கல்வி.

கோடையில் இந்நிலத்தைக் காண்போர் இதனைச் செத்த நிலம் என்றே எண்ணுவர். கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு. இடையிடையே உடை மரமும் பனையும் வேலிக்கருவையும். தரையெங்கும் வெடிப்பு; சில இடங்களில் கையை முழங்கை வரை உள்ளே விடலாம். ஈரம் பட்டால் விரிந்தும், காய்ந்தால் சுருங்கியும் போகும் களிமண் ஆதலால் இவ்வாறு வெடிக்கிறது. ஆயினும் அந்த வெடிப்பே இம்மண்ணுக்கு நன்மையாக முடிகிறது. மேல்மண் வெடிப்பின் வழியே உள்ளே விழுந்து, நிலம் தன்னைத்தானே உழுதுகொள்கிறது. முதல் மழை பெய்யும்போது அந்தப் பிளவுகளின் வழியாகவே நீர் ஆழத்திற்கு இறங்குகிறது. ஆழத்தில் இறங்கிய ஈரத்தை இம்மண் நெடுநாள் காத்து வைக்கிறது. அதனாலன்றோ கிணற்றுப் பாசனமின்றியே கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் இங்கே விளைந்து வந்துள்ளன!

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் காட்சி மாறுகிறது. சிவந்த பட்டுத்துணியைக் கிள்ளிப் போட்டாற்போலத் தம்பலப்பூச்சிகள் ஊர்ந்து வருகின்றன. வேலியோரத்தில் செங்காந்தள் தீக்கொழுந்தாய் மலர்கிறது. தும்பையும் ஆவாரையும் பூக்கின்றன. காலையில் மஞ்சளாய் மலரும் பருத்திப்பூ மறுநாள் சிவந்து வாடுகிறது. கரிச்சான் வாலை அசைத்தபடி மின்கம்பியில் அமர்ந்திருக்கிறது. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பூனைப்பருந்துகள் வயல்களின் மேல் தாழப் பறக்கின்றன.

நம் திருச்சபை மரித்தோர்க்கென ஒதுக்கியிருக்கும் நவம்பர் மாதமே கரிசலில் முளைவிடும் மாதமாகவும் அமைந்திருக்கிறது. கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் திரும்பும் தாய், வழியில் பச்சை பிடித்த காட்டைத்தான் கடந்து வர வேண்டும். ஆனால் அவள் அதைப் பார்க்கிறாளா? துயரம் முதலில் மனிதரின் பார்வையைத்தான் பறிக்கிறது. கண் திறந்திருக்கும், எதுவும் தெரியாது. அந்தப் பார்வையை மீட்டுக்கொள்ள ஒரு கருவி துணை செய்தது என்றால் நம்புவீர்களா? அவ்வாறு மீட்டுக்கொண்ட ஒரு தாயின் வரலாற்றைக் காண்போம்.

கோழிக்கூட்டில் பிறந்த கலை

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேய மாது. கணவர் சார்லஸ் ஹே கேமரன் சட்ட அறிஞர். மனைவியைவிட இருபது வயது மூத்தவர். இலங்கையில் காப்பித் தோட்டங்கள் உடையவர். இவ்வம்மையார் ஆறு பிள்ளைகளைப் பெற்றார். அது போதாதென்று, பெற்றோரை இழந்த உறவினர் பிள்ளைகளையும், தெருவில் பிச்சையெடுத்த ஓர் ஏழைச் சிறுமியையும் தம் வீட்டிலேயே வளர்த்தார். வீடு முழுவதும் குழந்தைகளின் ஓசை.

காலம் ஓடியது. மகளுக்குத் திருமணமாயிற்று. பிள்ளைகள் வளர்ந்தனர். 1863ஆம் ஆண்டு டிசம்பரில் கணவர் தோட்டங்களைப் பார்வையிட இலங்கை சென்றிருந்தார். இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள வைட் தீவில், ஓசை அடங்கிய வீட்டில் தாய் தனித்திருந்தாள். இதனை உணர்ந்தவர்கள் மகளும் மருமகனுமே. தனிமையில் இருக்கும் தாய்க்குப் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று ஒரு நிழற்படக் கருவியை வாங்கிப் பரிசளித்தனர். தாய்க்கு அப்போது வயது 48.

அந்நாளில் படமெடுப்பது இன்றுபோல் எளிதன்று. கருவியோ கனத்த மரப்பெட்டி. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். இரசாயனம் பட்டு விரல்கள் கறுத்துப்போகும். எதிரே அமர்ந்தவர் நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டும். அம்மையார் வீட்டின் நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார். கோழிகளை வெளியே விட்டுவிட்டு, கண்ணாடி வேய்ந்த கோழிக்கூட்டைப் படப்பிடிப்புக் கூடமாக்கினார். கற்றுத் தருவார் எவருமில்லை. தகடுகள் பல பாழாயின. 1864ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு சிறுமியின் முகம் தெளிவாகத் தகட்டில் விழுந்தது. அதுவே தம் முதல் வெற்றி என்று குறித்து வைத்தார். மகிழ்ச்சி தாளாமல், அச்சிறுமிக்குக் கொடுப்பதற்கேற்ற பரிசைத் தேடி வீடெங்கும் ஓடினாராம்!

படங்கள் தெளிவில்லை, கீறல் விழுந்தவை என்று அக்காலத்து நிழற்படச் சங்கத்தார் எள்ளினர். அவர் தளரவில்லை. இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று வழங்கும் லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865ஆம் ஆண்டிலேயே அவருடைய படங்களை வாங்கியது. அவர் மிகுதியாக எடுத்தவை எவை தெரியுமா? தாயும் சேயும். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரை முக்காடிட்டு அமரச் செய்து, மடியில் குழந்தையை வைத்துத் தேவதாயின் படங்களை எடுத்தார். நாளடைவில் அப்பணிப்பெண்ணை ஊரார் தேவதாயின் பெயரிட்டே அழைக்கத் தொடங்கினர். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். எனினும் மடியில் மகவை ஏந்திய தாயின் முகத்தில் அவர் கண்டது நமக்கும் அந்நியமானதன்று.

துயரம் வாசலுக்கு வந்தபோது

1865ஆம் ஆண்டு அவர் எடுத்த படம் ஒன்று சூனேம் ஊர்த் தாயைக் காட்டுகிறது. இறைவாக்கினர் எலிசாவை உபசரித்து, முதிர்ந்த காலத்தில் மகனைப் பெற்று, அவன் தன் மடியிலேயே இறக்கக் கண்ட அந்தத் தாயை நாம் விவிலியத்தில் அறிவோம். துயரத்தை அன்று அவர் கற்பனையால் படமாக்கினார். பின்னர் அது உண்மையாகவே வந்தது. 1872ஆம் ஆண்டு, தம் வீட்டில் வளர்ந்த அனாதைச் சிறுமி ஒருத்தி இறந்தாள். மலர் தூவிய படுக்கையில் கிடந்த அக்குழந்தையை அவர் தம் கருவியால் படமெடுத்தார். நம் ஊர்களிலும் ஒரு காலத்தில், உயிருடன் இருந்தபோது படமெடுக்க வாய்க்காத குழந்தையை இறந்தபின் மாலையிட்டு மடியில் வைத்து எடுத்த படங்கள் இருந்தன. அதனை அருவருப்பாக நினைப்போர் உண்டு. இவள் இருந்தாள், எங்கள் குழந்தையாக இருந்தாள் என்னும் சாட்சியன்றோ அது!

அடுத்த ஆண்டே, 1873இல், தமக்குக் கருவியைப் பரிசளித்த அந்த ஒரே மகள் பேறுகாலத்தில் உயிர் துறந்தாள். இதைவிடக் கொடிய அடி ஒரு தாய்க்கு என்ன உண்டு? கருவியைத் தொடும்போதெல்லாம் கொடுத்தவளின் நினைவு வந்திருக்கும். எனினும் அவர் அதைப் பரணில் ஏற்றிவிடவில்லை. மறு ஆண்டில், தாம் படக்கலை கற்ற கதையை எழுதத் தொடங்கினார்.

இலங்கையில் 1869 முதல் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தாக்கியிருந்தது. வருமானம் குன்றியது. 1875ஆம் ஆண்டு முதிய கணவருடன் கப்பலேறினார். மூட்டை முடிச்சுகளோடு தங்களுக்கென இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டு சென்றனர் என்றும், அவற்றினுள் பீங்கான் கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தனர் என்றும் கூறுவர். மரணத்தையும் வீட்டுச் சாமான்களோடு சாமானாகக் கட்டிக்கொண்டு புறப்பட்ட துணிவு அது.

களுத்துறையில் ஆற்றோரம் அவர்கள் வாழ்ந்தனர். உலகெங்கும் சென்று மலர்களையும் மரங்களையும் ஓவியமாகத் தீட்டிய மரியான் நார்த் என்னும் அம்மையார் 1877இல் அங்கே வந்து தங்கினார். பழகிய மைனாக்களும் அணில்களும் மானும் உலவும் வீடாக அது இருந்ததென அவர் குறிப்பு எழுதி வைத்தார். அந்தத் தோட்டத்து மரங்களின் நிழலில் முதிய தாய் மீண்டும் தம் கருவியை நிறுத்தினார். அம்முறை எதிரே நின்றவர்கள் கவிஞர்களோ பிரபுக்களோ அல்லர். ஊர் மக்களும் தொழிலாளரும். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று எஞ்சியுள்ளன. 1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் மலைநாட்டில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் அவர் உயிர் பிரிந்தது. பொகவந்தலாவை ஆலயக் கல்லறையில், அடுத்த ஆண்டு மரித்த கணவரும் அவரும் துயில்கின்றனர்.

பெயர் எழுதப்படாத முகங்கள்

இங்கே நம் நெஞ்சைத் தைக்கும் செய்தி ஒன்று உண்டு. அவர் களுத்துறையில் படமெடுத்த அதே ஆண்டுகளில்தான், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்து ஆயிரமாயிரம் ஏழைகள் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். நடந்தும் தோணியேறியும் சென்ற அவர்களுள் எத்தனை தாய்மார் வழியிலேயே தம் குழந்தைகளைப் புதைத்துவிட்டு நடந்திருப்பார்கள்! கேமரன் அம்மையாரின் இலங்கைப் படங்களில் உள்ளோர் பலருக்கு முகம் இருக்கிறது; பெயர் இல்லை. பிரபுக்களின் பெயரைக் கவனமாகக் குறித்த கை, கூலி மக்களின் பெயரைக் குறிக்கவில்லை. அவருடைய கலையைப் போற்றும் வேளையிலும் இக்குறையை நாம் மறைப்பதற்கில்லை.

இதிலிருந்து நமக்கும் ஒரு பாடம் உண்டு. நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். தாத்தாவின் அருகே நிற்கும் பெண் யார்? அவள் இடுப்பில் இருக்கும் குழந்தை எது? வீட்டில் மூத்தவர் ஒருவரே அறிவார். அவர் மறைந்தால் அப்பெயரும் மறையும். படத்தின் பின்புறம் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். பிறந்து சில நாளே வாழ்ந்த குழந்தையானாலும் அதன் பெயரையும் எழுதுங்கள். கல்லறைத் திருநாளில் அப்பெயரைச் சொல்லி மன்றாடுங்கள். தாயின் உள்ளத்திற்கு அதைவிடச் சிறந்த மருந்து அரிது.

இருவேறு வழிகள்

கருவியைக் கையில் எடுப்பது ஒன்றே வழி என்று நாம் சொல்லவில்லை. நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகை நிழற்படக் கலைஞர் எனப் போற்றப்படும் ஹோமாய் வியாரவல்லா அம்மையார், கணவர் மறைந்தபின் 1970இல் கருவியை அடியோடு வைத்துவிட்டார். 1989இல் ஒரே மகனையும் இழந்தார். அதன்பின் வடோதராவில் தனியே வாழ்ந்து, செடிகளை வளர்த்து, தம் கையாலேயே வீட்டுப் பொருள்களைச் செய்து, 98 வயது வரை தளராமல் இருந்து 2012இல் காலமானார். ஒருவர் துயரத்தில் கருவியை எடுத்தார். மற்றொருவர் துயரத்தில் கருவியை வைத்தார். இருவரையும் தாங்கியது உயிருள்ளவற்றின் மேல் வைத்த கவனமே.

அத்தகைய கவனத்தைக் கற்பிக்க நம் சீமையிலேயே ஒருவர் தோன்றினார். திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன், புகழ்பெற்ற எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளைப் படங்களாலும் எழுத்தாலும் காட்டுயிர்களை நமக்கு அறிமுகம் செய்தவர். யானையை மட்டுமன்று, வேலியோரத்து அணிலையும் காகத்தையும்கூட அதே மதிப்புடன் நோக்கினார். 1950 முதல் 1996இல் மறையும் வரை ஒரே நாளேட்டில் தொடர்ந்து எழுதினார். பார்க்கத் தெரிந்தவனுக்கு வீட்டு முற்றமே காடு என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் கவனிக்கும்படி ஆண்டவர் இயேசு சொன்னதும் கவலையுற்றோரிடம்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். படைப்பு முழுவதையும் நம் பொது வீடாகக் காணுமாறு மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலும் இதனையே நமக்கு நினைவூட்டுகிறது.

இல்லத்தார் செய்ய வேண்டியது

இனி நடைமுறைக்கு வருவோம். இன்று பல வீடுகளில் கைப்பேசி இருக்கிறது. அதில் படக்கருவியும் இருக்கிறது. கோழிக்கூட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை, விரலும் கறுக்காது. ஆனால் நேரமும் அனுமதியும் இருக்கின்றனவா? ஒரு தாய் விடியற்காலையில் காட்டுப் பக்கம் அரை மணி நேரம் நடந்துவரக் கிளம்பினால், “பச்சை உடம்புக்காரி எங்கே கிளம்பிட்டா?” என்று ஒரு குரல். “துக்க வீட்டுக்காரிக்குப் படம் பிடிக்கிறது ஒரு கேடா?” என்று மற்றொரு குரல். இக்குரல்கள் நம் வீடுகளிலிருந்தே எழுகின்றன. பேறுற்ற உடலுக்கு ஓய்வு வேண்டும். துக்கத்திற்கும் மரியாதை வேண்டும். ஆனால் ஓய்வு வேறு, சிறை வேறு.

கேமரன் அம்மையாருக்குக் கருவியைத் தந்தவள் மகள் என்பதை மறவாதீர்கள். நம் வீடுகளில் அதைத் தருபவர் யார்? கணவன் காலையில் குழந்தையைச் சற்று ஏந்திக்கொள்ளட்டும். மாமியார், “போய் வா தாயி, அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லட்டும். துணைக்கு நாத்தனாரோ அண்டை வீட்டு அக்காவோ உடன் நடக்கட்டும். இப்பரிசுக்குப் பணம் தேவையில்லை.

நடக்கும் தாய்க்குச் சில சொற்கள். காலை இளவெயிலிலும் மாலையிலும்தான் ஒளி மென்மையாக இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு படம் போதும். ஒரே வேம்பை, ஒரே வயல் மூலையை ஆண்டு முழுவதும் மாதமொருமுறை எடுத்து வாருங்கள். வெடித்த தரையும், ஈரமான தரையும், முளையும், கதிரும், தட்டையும் வரிசையாக அமையும். அவ்வரிசையைப் பார்க்கும்போது, காலம் நின்றுவிடவில்லை என்பது சொல்லாமலே விளங்கும். வெறுந்தரையில் மண்ணாங்கட்டி போலவே தோன்றும் ஆட்காட்டியின் முட்டைகளைக் கண்டால் அருகே செல்லாதீர்கள். தாய்ப்பறவை கதறிப் பறந்து நம் கவனத்தைத் திருப்ப முயலும்; விலகி வந்துவிடுங்கள். அவள் பதற்றத்தை நீங்கள் அறிவீர்கள். மனிதரைப் படமெடுத்தால் அவர் சம்மதத்தையும் பெயரையும் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். பேறுகாலத்திற்குப் பின்னோ இழப்பிற்குப் பின்னோ சோகம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, உறக்கமும் உணவும் கெட்டு, குழந்தையைப் பார்க்கவே மனமில்லாமற் போனால், அது மருத்துவர் கவனிக்க வேண்டிய நோய். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ, குழந்தைக்குத் தீங்கு நேருமோ என்னும் அச்சமோ எழுந்தால் ஒரு நாளும் காத்திராதீர்கள். இது விசுவாசக் குறைவன்று, பேய்ச் சேட்டையுமன்று. அரசின் மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். நடையும் படமும் மருத்துவத்திற்குத் துணை, மாற்று அல்ல.

மீண்டும் கல்லறையோரம்

கோவில்பட்டிக்கு அண்மையில், வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டியில், ஆகஸ்டு 15ஆம் நாள் பரலோக மாதாவின் திருவிழாவுக்குத் திரளும் கூட்டத்தில் கண்ணீருடன் நிற்கும் தாய்மாரை ஆண்டுதோறும் காணலாம். அப்போது கரிசல் காய்ந்து கிடக்கும். செப்டம்பர் 15ஆம் நாள் வியாகுல மாதாவின் திருநாள். அப்போதும் மண் வெடித்தே இருக்கும், விதைப்புக்குக் காத்திருக்கும். தன் மகனின் உடலை மடியில் ஏந்திய அத்தாயிடம் அழாதே என்று எவரும் சொல்லத் துணியவில்லை. நம் வீட்டுத் தாயிடமும் அப்படிச் சொல்ல வேண்டாம். அவள் அழட்டும், அருகே இருப்போம். பின்பு ஒரு நாள், மழை பெய்து ஓய்ந்த காலையில், கதவைத் திறந்துவிடுவோம்.

இந்த நவம்பரில் அந்தப் பெயரில்லாச் சிறு மண்மேட்டருகே நிற்பவளிடம் செல்லுங்கள். குழந்தையின் பெயர் என்னவென்று கேளுங்கள். மெழுகுதிரி ஏற்றியபின், திரும்பும் வழியில் அவளோடு சற்று நடங்கள். கம்பங்காட்டின் மேல் தாழப் பறக்கும் பருந்தை அவளே முதலில் கண்டு உங்களுக்குச் சுட்டிக் காட்டக்கூடும்.